எட்டாம் நாள் யார் பொறுப்பு?



விழுப்புரத்தைத் தாண்டி உளுந்தூர்ப்பேட்டை நோக்கி நீளும் நெடுஞ்சாலையை, மாநாட்டு நாட்களில் உங்களில் பலர் கடந்திருப்பீர்கள். கொடி கட்டிய வண்டிகளில், பாட்டும் முழக்கமுமாகப் போகையில், சாலையோரம் சிதறிய கண்ணாடித் துண்டுகளும் காய்ந்த குருதிக் கறையும் ஒற்றைச் செருப்பும் கண்ணில் படும். ஒரு கணம் வண்டிக்குள் பேச்சு அடங்கும். "ஐயோ, யார் பெற்ற பிள்ளையோ!" என்று ஒருவர் சொல்வார். அடுத்த மைல் கல்லுக்குள் பாட்டு மீண்டும் தொடங்கிவிடும். குறையாகச் சொல்லவில்லை, நானும் அந்த வண்டியில் அமர்ந்து வந்தவன்தான்.

இன்று அந்த ஒற்றைச் செருப்புக்கு உரியவனைப் பற்றிச் சற்று நின்று பேசுவோம். அவன் நான் கற்பனையில் நிறுத்தும் ஒருவன். ஆனால் அவனைப் போன்றவரை உங்கள் ஊரிலேயே காட்ட உங்களால் முடியும். வயது இருபத்து நான்கு. பற்றவைப்புப் பட்டறையில் வேலை. மாதம் பதினாலாயிரம் ரூபாய் கூலி. வீட்டில் தாயும் தங்கையும். இரவு வேலை முடிந்து திரும்புகையில் நாய் ஒன்று குறுக்கே பாய்கிறது. தடை போடுகிறான், வண்டி சறுக்குகிறது, முகம் தார்ச்சாலையில் மோதித் தேய்கிறது. தலையில் கவசம் இருந்தது, தோழர்களே! மண்டையை மட்டும் மூடும் அரைக்கவசம். அபராதத்துக்குத் தப்ப அது போதும். தாடைக்கும் கன்னத்துக்கும் அதனால் ஒரு காப்பும் இல்லை.

மண்டை தப்பியது, முகம் முறிந்தது. கீழ்த்தாடை இரண்டு இடங்களில் உடைந்தது. கன்ன எலும்பு உள்வாங்கியது. முன்பற்கள் நான்கு போயின.

இனி நடப்பதில் பாராட்டவேண்டிய பகுதியை முதலில் சொல்லிவிடுகிறேன். எவர் ஆட்சியில் வந்தது என்று பார்த்துப் பாராட்டுவது பண்பன்று. மக்களுக்குப் பயன்பட்டதா என்று பார்ப்பதே முறை. 2008ஆம் ஆண்டு இந்த மாநிலத்தில் ஓடத் தொடங்கிய 108 வண்டி வருகிறது. அவனைத் தூக்கிச் செல்கிறது. 2021 டிசம்பர் 18ஆம் நாள் மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்ட 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தின்கீழ், முதல் நாற்பத்தெட்டு மணி நேரச் சிகிச்சைக்குக் காசு கேட்கமாட்டார்கள். அடிபட்டவர் எந்த மாநிலத்தார், காப்பீட்டு அட்டை உண்டா இல்லையா என்று பாராமல், திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனையிலும் இந்த உதவி கிடைக்கும். மூச்சுக்குழலை அடைத்த குருதியை அகற்றுகிறார்கள். கிழிந்த இடங்களைத் தைக்கிறார்கள். தலைக்குள் குருதிக் கசிவு உண்டா என்று படமெடுத்துப் பார்க்கிறார்கள். பிழைத்துக்கொண்டான். ஒரு காலத்தில், "போலீஸ் கேஸ், எங்களால் முடியாது" என்று வாயிலிலேயே திருப்பியனுப்பிய கொடுமையை நினைத்துப் பாருங்கள். கார் மோதி அடிபட்ட ஸ்கூட்டர்க்காரர் ஒருவரை ஒரு மருத்துவமனை சேர்த்துக்கொள்ளாமல் வேறிடம் அனுப்ப, வழியிலேயே அவர் உயிர் போனது. அந்தச் செய்தியை வைத்துத்தான் பரமானந்த் கட்டாரா என்பவர் உச்சநீதிமன்றம் சென்றார். 1989இல் தீர்ப்பு வந்தது: உயிரைக் காப்பதே முதல் கடமை, சட்டச் சடங்குகள் பிறகு. அந்த இடத்திலிருந்து நாம் நடந்து வந்திருக்கும் தொலைவு சிறிதன்று.

இனி வருவதுதான் நம் சிக்கல்.

முகத்தின் எலும்பை உடைந்த அன்றே கூட்டிவைக்க எப்போதும் முடிவதில்லை. கை கால் எலும்பைப் போன்றதன்று முகம். அடிபட்ட சில மணி நேரத்தில் அது பூசணிக்காய் போல் வீங்கிவிடும், கண் திறக்காது, எந்தக் கன்னம் எவ்வளவு உள்ளே போயிற்று என்று கண்ணால் அளக்க முடியாது. மண்டையிலும் அடி இருந்தால் மூளை மருத்துவர் இசைவு தரும்வரை மயக்க மருந்து கொடுக்கத் தயங்குவார்கள். ஆகவே கன்னத்தையும் மேல்தாடையையும் சீராக்கும் அறுவைக்குப் பெரும்பாலும் ஒரு வாரம், சிலருக்குப் பத்து நாள் காத்திருக்கிறார்கள். இது மருத்துவர் செய்யும் தாமதமன்று. மருத்துவ முறையே அதுதான். மிகவும் காத்திருக்கவும் கூடாது. இரண்டு மூன்று வாரம் கடந்தால் எலும்பு கோணலாகவே கூடத் தொடங்கிவிடும். பிறகு கூடியதை உடைத்துத்தான் நேராக்க வேண்டும்.

ஆக, காலக்கணக்கு இப்படி நிற்கிறது. மாநிலத் திட்டத்தின் கடிகாரம் இரண்டாம் நாள் இரவோடு நிற்கிறது. ஒன்றிய அரசின் கடிகாரமோ? 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி, பொன்னான நேரத்தில் கட்டணமில்லாச் சிகிச்சைக்குத் திட்டம் வகுப்பதாக 162ஆம் பிரிவில் எழுதிவைத்தார்கள். எழுதிவைத்ததோடு சரி. கோவையைச் சேர்ந்த எலும்பு மருத்துவர் இராஜசேகரன் 2012இல் தொடுத்த சாலைப் பாதுகாப்பு வழக்கில், 2025 ஜனவரி 8ஆம் நாள் உச்சநீதிமன்றம் கெடு வைத்த பிறகே அசைந்தார்கள். அந்த ஆண்டு மே மாதம் திட்டம் வந்தது: விபத்து நாளிலிருந்து ஏழு நாட்கள், ஒருவருக்கு ஒன்றரை இலட்சம் ரூபாய் வரை. நல்லது, வரவேற்கிறோம். ஆனால் ஏழாம் நாள் முடிகையில் நம் இளைஞன் எங்கே இருக்கிறான்? வீக்கம் வடிந்து, "நாளை அறுவை செய்யலாம்" என்று மருத்துவர் சொல்லும் இடத்தில் இருக்கிறான்!

எட்டாம் நாள் அவன் யார் பொறுப்பு?

"முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருக்கிறதே" என்பீர்கள். அட்டை உள்ளவருக்கு வழி உண்டு, மறுக்கவில்லை. அந்த அட்டைக்கான குடும்ப ஆண்டு வருமான வரம்பை 2022இல் 72,000 ரூபாயிலிருந்து 1,20,000 ரூபாயாக உயர்த்தினார்கள். மாதக் கணக்கில் பதினாயிரம். நம் பட்டறைத் தொழிலாளியின் கூலியோ பதினாலாயிரம். நாலாயிரம் ரூபாய் கூடுதலாகச் சம்பாதித்த குற்றத்துக்காக அவன் ஏழைகளின் பட்டியலுக்கு வெளியே நிற்கிறான். செல்வர் பட்டியலிலோ அவனுக்கு இடமில்லை. இடையில் தொங்குகிறான்.

"வண்டிக் காப்பீடு?" என்று அடுத்த தோழர் கேட்பார். சட்டம் கட்டாயமாக்கியிருப்பது பிறருக்கு நேரும் கேட்டுக்கான காப்பீடு. இவன் யார் மீதும் மோதவில்லை, இவன் மீதும் யாரும் மோதவில்லை. நாய்க்குக் காப்பீடு இல்லை. வண்டி உரிமையாளருக்கென்று பதினைந்து இலட்சம் ரூபாய்த் தனிநபர் விபத்துக் காப்பு ஒன்று உண்டே என்றால், அதன் பட்டியலைப் படித்துப் பாருங்கள். உயிர் போனால் பணம். கை கால் போனால் பணம். கண் போனால் பணம். தாடை முறிந்தால் அந்தப் பட்டியலில் ஒரு வரியும் கிடையாது. மருத்துவமனைச் செலவையும் அது தராது.

இனிச் சிட்டையைப் பார்ப்போம். முறிந்த எலும்பைக் கூட்டிப் பிடிக்க டைட்டானியம் என்னும் உலோகத்தாலான சின்னஞ்சிறு தகடுகளை வைத்துத் திருகாணி முடுக்குகிறார்கள். விரல் நீளத் தகடு. எள்ளினும் சற்றுப் பெரிய திருகாணி. ஒவ்வொன்றுக்கும் விலை. முறிவு எத்தனை இடமோ அத்தனை தகடு. தகடு ஒன்றுக்கு நான்கோ ஐந்தோ திருகாணி. இதய நாளத்தில் வைக்கும் ஸ்டென்டுக்கு 2017 பிப்ரவரியில் உச்சவிலை கட்டினார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் செயற்கை முழங்காலுக்கும் கட்டினார்கள். கொள்ளை விலைக்குக் கடிவாளம் போட அரசால் முடியும் என்பதை அன்று நாடு கண்டது. முகத்துக்கு வைக்கும் தகட்டுக்கு அப்படியோர் உச்சவிலை வரவில்லை. ஏன் வரவில்லை? இதயம் நின்றால் ஆள் போய்விடுவார். முகம் கோணினால் ஆள் இருப்பார் அல்லவா, அதனாலோ?

தகட்டோடு முடிவதில்லை. அறுவை அரங்கக் கட்டணம், மயக்க மருத்துவர் கட்டணம், மீண்டும் சி.டி. ஸ்கேன், படுக்கைக் கட்டணம், மருந்து. தனியார் மருத்துவமனையில் இலட்சத்தைத் தொடுவது வியப்பில்லை. தகடு வாங்க வழியில்லாதவர்க்குப் பழைய முறை இருக்கிறது: மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் கம்பியால் சேர்த்துக் கட்டிவிடுவது. நான்கு முதல் ஆறு வாரம் வாய் திறக்காது. கஞ்சியையும் சாற்றையும் உறிஞ்சுகுழலால் பற்களின் இடுக்கு வழியே இழுக்கவேண்டும். கட்டப்பட்ட வாயோடு பட்டறைக்குப் போக முடியுமா? ஆறு வாரக் கூலி போகிறது. இந்தத் தொகை எந்த மருத்துவமனைச் சிட்டையிலும் ஏறுவதில்லை. வட்டிக் கடையின் சீட்டில்தான் ஏறுகிறது. தாயின் காதுத் தோடு தங்கையின் திருமணத்துக்கென்று வைத்திருந்தது. அது முதலில் போகும்.

பிறகு பல். உடைந்த நான்கு முன்பல்லை மறுபடி கட்டுவது தாடை கூடிய பின், மாதங்கள் கழித்து, வெளிநோயாளியாக வந்துபோய்ச் செய்வது. மருத்துவமனைப் படுக்கைக்குக் கணக்குப் பார்க்கும் திட்டங்களின் எல்லைக்குள் அது எளிதில் அடங்காது. கன்னத்தின் தழும்பைச் சீராக்குவதும் அப்படியே. "அதெல்லாம் அழகு வேலை, தம்பி" என்று முகப்பிலிருப்பவர் சொல்லிவிடுவார்.

அழகு வேலையா?

1860இல் வெள்ளையர் எழுதிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 320ஆம் பிரிவைப் புரட்டுங்கள். 'கொடுங்காயம்' எது என்று எட்டு வகை சொன்னார்கள். ஆறாவது: தலையோ முகமோ நிலையாக உருக்குலைவது. ஏழாவது: எலும்போ பல்லோ முறிவது. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 116ஆம் பிரிவும் அதையே சொல்கிறது. ஒருவன் குத்தி உங்கள் பல்லை உடைத்தால் அது கொடுங்காயம், அவனுக்குச் சிறை. அதே பல்லைக் கட்டப் பணம் கேட்டால் மட்டும் அது அழகுக் கலை! உடைப்பவனைத் தண்டிக்கையில் பல் உறுப்பாக இருக்கிறது; உடைபட்டவனுக்கு உதவுகையில் அணிகலனாக மாறிவிடுகிறது. நூற்றறுபது ஆண்டுகளுக்கு முன் அடிமை நாட்டுக்குச் சட்டம் எழுதியவருக்குத் தெரிந்தது, இன்று திட்டம் எழுதுபவருக்குத் தெரியாதா?

வெள்ளையரைப் பற்றிப் பேச்சு வந்ததால் இரண்டு செய்தி சொல்லவேண்டும். மைசூர்ப் போரின்போது ஆங்கிலேயர் படையில் மாட்டுவண்டி ஓட்டிய கவாஸ்ஜி என்பவர் எதிரிகளிடம் சிறைப்பட்டு மூக்கறுபட்டார். புனேயில் நம் நாட்டு வைத்தியர் ஒருவர், நெற்றித் தோலை வளைத்திறக்கி அவருக்குப் புதிய மூக்கு அமைத்தார். 1794இல் இலண்டன் இதழொன்று அதைப் படத்தோடு வெளியிட, ஐரோப்பிய மருத்துவ உலகம் மூக்கில் விரல் வைத்தது. அதே குறிப்பில் இன்னொரு வரியும் உண்டு: அவர் கிழக்கிந்தியக் கும்பினியின் ஓய்வூதியம் பெறுகிறார் என்பது. கொள்ளையடிக்க வந்த கும்பினி, தோழர்களே! அதுகூடத் தன் வண்டிக்காரரின் முகத்துக்கு ஒரு விலை வைத்தது.

மற்றொன்று முதல் உலகப் போர்க் காலத்தது. பதுங்கு குழியிலிருந்து தலை தூக்கியவர்களின் முகங்களைக் குண்டு சிதைத்தது. நியூசிலாந்தில் பிறந்த ஹெரால்டு கில்லீசு என்னும் மருத்துவரின் முயற்சியால், 1917இல் இலண்டனை அடுத்த சிட்கப்பில் அவர்களுக்கென்றே மருத்துவமனை எழுந்தது. ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்களுக்குப் பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட அறுவைகள். ஒருவருக்கே பல தடவை, ஆண்டுக்கணக்கில். மருத்துவமனையிலிருந்து ஊருக்குள் செல்லும் சாலையில் சில இருக்கைகளுக்கு நீலச் சாயம் பூசியிருந்தார்களாம். அதில் அமர்ந்திருப்பவரின் முகத்தைக் கண்டு திடுக்கிடவேண்டாம் என்று ஊராருக்கு அறிவிப்பு. அந்த நீல இருக்கையில் அமர்ந்தவனின் மனத்தை எண்ணிப் பாருங்கள்! ஆனாலும் "உயிர் பிழைத்தாயே, போ" என்று அந்த வீரனை நாற்பத்தெட்டு மணி நேரத்தில் அனுப்பிவிடவில்லை.

நம் சாலைகளில் நடப்பது என்ன? 2022 ஒரே ஆண்டில் இந்தியாவில் 4,61,312 விபத்துகள். 1,68,491 பேர் மாண்டனர். 4,43,366 பேர் காயமுற்றனர். விபத்து எண்ணிக்கையில் அவ்வாண்டு தமிழ்நாடே முதலிடம்: 64,105. மாண்டவரைப் பற்றித் தலையங்கம் எழுதுகிறோம். காயமுற்றவர் நாலரை இலட்சத்தினரில் முகம் முறிந்தவர் எத்தனை பேர் என்று தனியே ஒரு பத்தி அந்த அறிக்கையில் இல்லை. கணக்கிலேயே இல்லாதவருக்குக் கருவூலத்தில் ஒதுக்கீடு எங்கிருந்து வரும்?

இரண்டு எதிர்வாதங்கள் எழும். முதலாவது: "அரசு மருத்துவமனையில் எல்லாம் இலவசந்தானே? தனியாருக்கு ஏன் போகவேண்டும்?" நேர்மையான கேள்வி. அரசு மருத்துவமனைகளில் உழைக்கும் மருத்துவரின் கைத்திறனுக்கு யாரும் குறை சொல்ல முடியாது. இரவு பகலாக முறிந்த தாடைகளைக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் முகத்தாடை அறுவை வல்லுநர் பல் மருத்துவம் படித்து, அதன் மேல் அறுவையும் படித்தவர். சென்னையில் அரசுப் பல் மருத்துவக் கல்லூரி 1953இல் எழுந்தது. இன்று சிதம்பரத்தையும் புதுக்கோட்டையையும் சேர்த்து எண்ணினாலும் விரல்கள் மிஞ்சுகின்றன. நெடுஞ்சாலை எல்லா மாவட்டத்திலும் ஓடுகிறது. வல்லுநரும் தகடும் எல்லா மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் எந்நாளும் இருக்கின்றனவா என்பதே கேள்வி. மேலும், நாற்பத்தெட்டு மணி நேரம் தனியாரிடம் கிடந்தவனை அங்கிருந்து அரசு மருத்துவமனைக்கு மாற்றும்போது எழுத்தும் படமும் அவனோடு சரியாகப் போகவேண்டும். அங்கே அறுவை வரிசையில் அவன் பத்து நாளுக்குள் இடம் பெறவேண்டும். வரிசை நீண்டால் எலும்பு கோணலாகக் கூடிவிடும். எலும்புக்கு வரிசை எண் தெரியாது.

இரண்டாவது: "முழுக்கவசம் அணிந்திருந்தால் இந்த வினையே இல்லையே?" உண்மை, பெரும்பகுதி உண்மை. தாடையையும் சேர்த்து மூடும் கவசத்தை அணியுங்கள் என்று நம் கிளை மன்றங்கள் ஊர் ஊராகச் சொல்லவேண்டும். பேரணிக்கு வரும் நம் தோழர்களே தலைக்கவசமின்றி மூன்று பேராக வண்டியேறி வருகிறார்கள், வெட்கத்தோடு எழுதுகிறேன். ஆனால் சட்டம் கேட்பது தலைக்கவசம். முகத்தை மூடு என்று அது கட்டளையிடவில்லை. சட்டம் ஏற்ற கவசத்தை அணிந்தவனிடம், "ஏன் இதற்கு மேல் அணியவில்லை" என்று மருத்துவமனைச் சிட்டை கேட்பது எவ்வகை நீதி?

ஆகவே நாம் கேட்பது பெரிதன்று. நாள் எண்ணுவதை நிறுத்திச் சிகிச்சையை எண்ணுங்கள் என்கிறோம். முதல் ஏழு நாளுக்குள் மருத்துவர், "இந்த முறிவுக்கு அறுவை தேவை, வீக்கம் வடிந்தபின் செய்யவேண்டும்" என்று எழுதிவிட்டால், எட்டாம் நாளானாலும் பதினான்காம் நாளானாலும் அந்த அறுவை அதே திட்டத்தில் அடங்கவேண்டும். உடைந்த பல்லைக் கட்டுவதும் அதில் சேரவேண்டும். முகத்தகட்டுக்கும் திருகாணிக்கும் ஸ்டென்டுக்குச் செய்தது போல் உச்சவிலை கட்டவேண்டும். ஒன்றரை இலட்சம் என்னும் வரம்பை ஒரு காசும் உயர்த்தாமலேயே இவற்றில் முதலாவதைச் செய்யலாம் என்பதைக் கவனியுங்கள். பணம் ஒதுக்கியாயிற்று, அதைச் செலவிட வேண்டிய நாளில் கதவு மூடியிருக்கிறது.

மேடையில் பேசுவது ஒருபுறம் இருக்கட்டும். உங்களால் இன்றே ஆகக்கூடியது உண்டு. அடிபட்டவரைத் தூக்கிச் சேர்த்தவரை, பெயர் சொல்லும்படி காவலரோ மருத்துவமனையோ வற்புறுத்தக் கூடாது. 2016இல் உச்சநீதிமன்றம் ஏற்ற நெறிகளும், 2019 திருத்தத்தில் வந்த 134அ பிரிவும் உங்களுக்குக் கவசம். தயங்காமல் தூக்குங்கள். வாயில் குருதி நிறைந்தவரை மல்லாக்கக் கிடத்தாதீர்கள், மூச்சடைக்கும். கழுத்து அசையாமல் தாங்கிப் பிடித்து ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். சேர்த்த இடத்தில், இரு திட்டங்களிலும் பெயர் பதிவாயிற்றா என்று கேட்டு, பதிவான நேரத்தை எழுதி வாங்குங்கள்.

இன்னொன்று. அடுத்த கிளைக் கூட்டத்துக்கு முன், உங்கள் பகுதியில் சென்ற ஓராண்டில் விபத்தில் முகம் முறிந்தவர் வீடுகளுக்கு ஒருமுறை சென்று வாருங்கள். பெயர் எழுதவேண்டாம், அவர்கள் பட்டது போதும். மூன்று செய்தி மட்டும் ஒரு தாளில் எழுதித் தலைமை நிலையத்துக்கு அனுப்புங்கள்: விழுந்த தேதி, அறுவை நடந்த தேதி, அந்த அறுவைக்குப் பணம் எங்கிருந்து வந்தது. சட்டமன்றத்தில் மானியக் கோரிக்கை வரும்போது நம் உறுப்பினர் கையில் அந்தத் தாள்கள் இருக்கவேண்டும்.